ஒரு கிழமைக்கு ஒரு பெரிய வீடு

பிள்ளைகள் பெருகினால் வீடும் பெருகவேண்டும் என்பது இயற்கை. நமது சமூகத்திலோ சென்ற நாற்பது ஆண்டுகளாக இதற்கு மாறானதே நிகழ்ந்து வருகின்றது. பிள்ளைகள் பெருகினர்; வீடுகள் சிறுத்தன. ரொறன்ரோவில் அடுக்குமாடியின் ஒரு பகுதி, இலண்டனில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று, பாரிஸில் ஐந்தாம் மாடியில் இரண்டு அறை, பலெர்மோவில் பழைய தெருவொன்றில் மூன்று அறை என்று ஒரு தாயின் பிள்ளைகள் சிதறி வாழ்கின்றனர். அவர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் ஓரிரவு படுத்தெழும்ப வேண்டுமாயின் அதற்கு இடங்கொடுக்கும் வீடு எவரிடமும் இல்லை. கலியாணத்துக்குக் கூடுகின்றோம், ஆனால் கலியாணம் மண்டபத்தில் நடக்கின்றது, இரவு பதினொரு மணிக்கு மண்டபத்தின் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். செத்தவீட்டுக்குக் கூடுகின்றோம், ஆனால் யாருக்காகக் கூடினோமோ அவர் நம்மோடு பேசுவதில்லை.

இக்குறையை ஒரு கிழமைக்கேனும் தீர்த்துக்கொள்ள எண்ணி, 2019 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதக் கடைசியில், இத்தாலி தேசத்துத் தொஸ்கானா மாகாணத்திலே, புளோரன்ஸ் நகருக்கும் சியேனா நகருக்கும் இடைப்பட்ட கியாந்திக் குன்றுகளின் நடுவே, பழைய திராட்சைத் தோட்டமொன்றின் பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகத் தங்கினோம். நாங்கள் 24 பேர். இவ்விதம் வீடெடுத்துத் தங்குதல் இப்பொழுது ஐரோப்பாவிற் பலரும் செய்வதே. ஆயினும் அதன் வழிவகை யாது, அவ்வீடுகளின் வரலாறு யாது, ஒரு குடும்பத்துக்கு அதனால் விளைவது யாது என்பனவற்றை அறிய விரும்புவோருக்கு எங்கள் அநுபவம் பயன்படலாம்.

ஏன் இத்தாலி?

எங்கள் தாயாருக்கு ஐந்து பிள்ளைகள். மூத்த அண்ணர் ரொறன்ரோவில், சின்னண்ணர் பலெர்மோவில், தங்கை பாரிஸில், தம்பி இலண்டனில். அம்மாவோடு யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் நாங்கள். ஐவரும் ஒன்றாக அம்மாவின் முன் இருந்து உண்டது 1988 ஆம் ஆண்டில். அதன் பின் முப்பத்தொரு வருடம் அது கூடிவரவில்லை. எல்லாரும் ஊருக்கு வருவோம் என்று திட்டமிட்ட போதெல்லாம் ஒருவருக்கு விடுமுறை இல்லை. மற்றவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. பின்னர் ஒருவருக்குப் பணம் இல்லை. அம்மாவை வெளியே அழைக்க முயன்றபோது, வேறொரு தேசத்தார் இருமுறை அனுமதி மறுத்துவிட்டனர். ஈற்றில் சின்னண்ணர் முறைப்படி அழைப்புக் கடிதம் அனுப்ப, இத்தாலிக்குச் செல்ல அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கு அப்பொழுது வயது 79. இனிப் பிற்போட முடியாது என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாரும் அறிந்திருந்தோம்.

சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழ்வதை வாசகர் பலர் அறிவர். அந்நகரின் காவற் புனிதையாகிய சாந்த ரொசாலியாவின் மலைக் குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கர் மாத்திரமன்றிச் சைவத் தமிழரும் நேர்த்தி வைத்து ஏறுகின்றனர். அங்கே நம்மவரிற் பலர் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்தும், முதியோரைப் பராமரித்தும் சீவிக்கின்றனர். சின்னண்ணரும் அவ்வாறே. அவருடைய மூன்று அறைக்குள் 24 பேர் அடங்கார். விடுதியில் தங்கினால் இரவானதும் அவரவர் கதவு அவரவருக்கு. அம்மா விரும்பியதோ ஒரே அடுப்பில் சமைத்து ஒரே மேசையில் உண்பது. ஆகவேதான் வாடகை வீடு தேடினோம்.

நாட்கணக்கு

இத்தகைய வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் முதல் அடுத்த சனிக்கிழமை காலை வரை என்ற கணக்கிலே கொடுக்கப்படுகின்றன. ஆவணி மாதத்தில் வாடகை உச்சத்தில் இருக்கும். செப்டெம்பர் கடைசியிற் குறையும். முதலில் ஒரு பகுதிப் பணம் முற்பணமாகக் கட்டவேண்டும். சேதத்துக்கென ஒரு தொகையை வைப்பாக வாங்கி, வீட்டைப் பார்வையிட்ட பின் திருப்பிக் கொடுப்பர். துப்புரவுக் கூலி, வெப்பமூட்டும் செலவு என்பன வாடகைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டறிதல் அவசியம். ஊர்ச்சபைக்கு ஆளொருவருக்கு ஓரிரவுக்கு இவ்வளவு என ஒரு வரியும் உண்டு.

இவை யாவும் எளிது. கடினமானது பணத்தைப் பங்கிடுவது. ஐந்து குடும்பங்களுக்கும் சமபங்கு என்றார் மூத்த அண்ணர். தலைக்கணக்கே நியாயம் என்றார் தம்பி. எப்படிப் பங்கிட்டாலும் சின்னண்ணருக்கு அது பெருஞ்சுமை. எங்களுக்கோ, ரூபாயில் வாங்கும் ஆசிரியச் சம்பளத்தில், அது ஆகாத காரியம். “உங்கள் இருவருடைய பங்கையும் நான் போடுகிறேன்” என்று அண்ணர் சொன்னதும் சின்னண்ணர் தொலைபேசியை வைத்துவிட்டார். மூன்று கிழமை பேச்சில்லை. ஒன்றுகூடுவதற்காகத் தொடங்கிய முயற்சி, கூடாமலே பிரிந்துவிடும் நிலைக்கு வந்துவிட்டது.

அப்பொழுது அம்மா ஒரு வழி சொன்னார். “பிள்ளையளிட்டைக் காசாய்க் கேளாதையுங்கோ, நாளாய்க் கேளுங்கோ. ஒரு கிழமை வீட்டுக்கு ஒரு கிழமைச் சம்பளம். உழைக்கிற எல்லாரும் தாருங்கோ.” கோயில் வேலைக்கு ஊரிலே ஆளுக்கு இத்தனை நாள் என்று கேட்ட பழைய முறை அது. கனடாவில் ஒருவரின் ஒரு கிழமைச் சம்பளமும் யாழ்ப்பாணத்தில் ஒருவரின் ஒரு கிழமைச் சம்பளமும் தொகையில் மலையும் மடுவுமாகும். ஆனால் வாழ்க்கையில் இருவருக்கும் அது ஒரு கிழமையே. எங்களுடைய பங்கை யூரோவாக மாற்றிப் பார்த்தால் அவ்வீட்டின் நீச்சற் குளத்தில் ஒரு மூலைக்கும் போதாது. எனினும் எங்கள் பங்கு முழுப்பங்கு என்று எழுதப்பட்டது. உழைக்கும் பேரப்பிள்ளைகளும் கொடுத்தனர். எங்கள் விமானச் செலவைத் தம்பி ஏற்றுக்கொண்டார். அண்ணர் ஒற்றைறூள் கொப்பி ஒன்றை வாங்கி முதற் பக்கத்திலே பெயர்களை எழுதினார். பெயருக்கு எதிரே தொகையை எழுதவில்லை. “ஏழு நாள்” என்று மாத்திரம் எழுதினார்.

அவ்வீட்டின் கதை

சின்னண்ணரின் குடும்பம் பலெர்மோவிலிருந்து இரவு புகைவண்டியில் வந்தது. மெசினா நீரிணையைக் கடக்கும்போது புகைவண்டிப் பெட்டிகளையே கப்பலுக்குள் ஏற்றி மறுகரையில் இறக்குகின்றனர் என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும் அதிசயம். மற்றவர்கள் விமானத்தில் வந்து புளோரன்ஸில் ஒன்றுசேர்ந்தோம். அங்கிருந்து ஒரு மணிநேரப் பிரயாணம். தார்ச்சாலை முடிந்து வெண்ணிறக் கற்றூள் பாதை தொடங்கும் இடத்தில் இருபுறமும் சைப்பிரஸ் மரங்கள் வரிசையாக நின்றன. அப்பாதை முடியும் மேட்டிலே வீடு.

இத்தாலியச் சட்டப்படி தங்கவருவோரின் விபரங்களை வீட்டுக்காரர் 24 மணித்தியாலத்துக்குள் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும். அதற்காக எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் மேசையில் வைத்தோம். கனடா, பிரித்தானியா, பிரான்சு, இலங்கை என நான்கு அரசுகளின் கடவுச்சீட்டுகள் ஒரே தாயின் மக்களுக்கு. பலெர்மோவிலே பிறந்து இத்தாலிய மொழியிலே படித்து வளர்ந்த சின்னண்ணரின் மகளிடம் இருந்ததோ இலங்கைக் கடவுச்சீட்டு. அத்தேசத்தின் 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கு பிறந்து தொடர்ந்து வாழும் அந்நியரின் பிள்ளைகள் 18 வயதான பின்பே குடியுரிமை கோரலாம். அவளுக்கு அப்பொழுது 16. ஆயினும் அக்கிழமை முழுவதும் எங்கள் 24 பேருக்கும் வாயாக இருந்தவள் அவளே. எங்கள் குடும்பத்தில் வசதி குறைந்தவர் எனக் கருதப்பட்ட சின்னண்ணரின் பிள்ளை இல்லாமல் ஒரு கட்டுப் பசளிக்கீரையும் வாங்க முடியாது என்ற உண்மை, முதல் நாளே எல்லாருக்கும் விளங்கிற்று.

கியாந்தி என்பது பழைய பெயர். 1716 செப்டெம்பர் 24 இல் தொஸ்கானாவின் பெருங்கோமகனாகிய மூன்றாம் கோசிமோ ஒரு பிரகடனம் விடுத்து, கியாந்தி உள்ளிட்ட நான்கு திராட்சரச வட்டாரங்களுக்கு எல்லை வகுத்தார். எந்த ஊர்ச் சரக்கு எந்த ஊரின் பெயரால் விற்கப்படலாம் என்பதை அரசாணையால் வரையறுத்த மிகப் பழைய சட்டங்களுள் அது ஒன்று. நாங்கள் ஒருநாள் சென்று பார்த்த புரோலியோக் கோட்டை ரிக்காசோலிக் குடும்பத்தாருக்கு உரியது. அக்குடும்பத்தவரும், இத்தாலியின் பிரதம மந்திரியாக இருமுறை இருந்தவருமாகிய பெத்தீனோ ரிக்காசோலி, பல ஆண்டுகள் பரிசோதித்து, எந்தத் திராட்சையை எந்த நோக்கத்துக்குச் சேர்க்கவேண்டும் என்பதை 1872 இல் ஒரு பேராசிரியருக்குக் கடிதமாக எழுதினார். மணத்துக்கும் உரத்துக்கும் சான்ஜியோவேசே, அதன் கடுமையைத் தணிக்கக் கனாயோலோ, இளமையிலே பருகும் ரசத்தை இலேசாக்க மால்வசியா என்பது அவர் கண்ட முறை.

நமது நாட்டில் திராட்சையை முந்திரிகை என்போம். வலிகாமத்துச் செம்மண்ணில் அதைப் பந்தலிட்டுத் தலைக்குமேற் படரவிடுகின்றோம். அங்கேயோ கொடியைப் படரவிடாமல், இடுப்பளவு உயரத்திற் கம்பிகட்டி, வரிசை வரிசையாகத் தறித்து நிறுத்துகின்றனர். நாங்கள் போன சமயம் பழம் பறிக்கும் காலம். அதிகாலையில் பறிக்கும் கூட்டம் வரும். உழவுயந்திரத்தின் பெட்டி நிறையும். “இவ்வளவு பழத்தையும் ஒருத்தரும் தின்னப்போறதில்லையோ?” என்று அம்மா கேட்டதற்குத் தோட்ட மேற்பார்வையாளர் சிரித்தார். அம்மா மதுவைத் தொடாதவர். ஆயினும் அவரை அதிசயிக்கச் செய்தது, வீட்டின் கூரைக்குக் கீழுள்ள பரண். பறித்த பழத்தில் ஒரு பகுதியைப் பாய்களில் பரப்பி வாடவிட்டு, பின்னர் பிழிந்து, சிறு மரப்பீப்பாக்களில் அடைத்து, குளிரும் வெப்பமும் மாறிமாறிப் படும் அப்பரணிலே மூன்று வருடமும் அதற்கு மேலும் வைத்திருக்கின்றனர். அதற்கு வின் சாந்தோ, அதாவது புனித ரசம், என்று பெயர். அம்மா அப்பாய்களைப் பார்த்துவிட்டு, “இது எங்கடை பனாட்டுப் பாய்தானே!” என்றார். பனம்பழக் களியைப் பாயிற் காயவைத்தவருக்கு அந்தத் தொழில் புதிதாகத் தோன்றவில்லை.

அரைப்பங்கு வாழ்க்கை

வீட்டின் திறப்புகளை வைத்திருந்தவர் ஒரு மூதாட்டி. அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். நாள்தோறும் காலையில் முட்டையும் கீரையும் கொண்டுவருவார். மூன்றாம் நாள் குசினியில் ஒரு குழப்பம் உண்டாயிற்று. இத்தாலியிற் சாதாரண வீடுகளுக்கு வழங்கப்படும் மின்சாரம் பெரும்பாலும் 3 கிலோவாற்று அளவே; அந்தப் பெரிய வீட்டிலும் குசினிக்கு வந்தது அவ்வளவுதான். நாங்கள் சோறு வேகும் மின்சாரப் பானையையும், மின்சார அடுப்பையும், சலவை யந்திரத்தையும் ஒரே நேரத்தில் முடுக்கியதும் வீடு இருண்டது. மூதாட்டி வந்து மின்சாரத்தைச் சரிசெய்துவிட்டு, விறகு அடுப்பை மூட்டித் தந்தார். மூட்டியவர் போய்விடாமல் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டார். “நான் இந்தக் குசினியிலேதான் பிறந்தேன்” என்றார். அண்ணரின் பெண்சாதி இடியப்பம் பிழிந்துகொண்டிருக்க, சின்னண்ணரின் மகள் மொழிபெயர்க்க, அம்மாவும் அவருமாக இரண்டு மணிநேரம் பேசினர்.

அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள ஒரு செய்தி அறியவேண்டும். தொஸ்கானாவின் பெருந்தோட்டங்கள் பல நூற்றாண்டுகளாக ‘மெட்சாத்ரியா’ என்ற அரைப்பங்கு முறையில் நடந்தன. நமது வயல்களில் வாரத்துக்கு விடுவது போன்றதே அதுவும். நிலமும் வீடும் உடைமைக்காரருடையவை, உழைப்பு குடியானவருடையது, விளைவில் ஆளுக்குப் பாதி. ஒரு தோட்டம் பல காணிகளாகப் பிரிக்கப்பட்டு, காணிக்கொரு கல்வீடு, வீட்டுக்கொரு குடும்பம் என்று அமைந்திருந்தது. கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர். ஆண்களின் வேலைக்கு ஒரு தலைவர். வீட்டுக்கும் கோழிகளுக்கும் பெண்களுக்கும் ஒரு தலைவி. எத்தனை கை உண்டோ அத்தனைக்கே காணி கொடுக்கப்படும் ஆதலின், மகன்மார் கலியாணம் முடித்தும் பிரிந்துபோகாமல் ஒன்றாகவே இருந்தனர். கலியாணத்துக்கே உடைமைக்காரரின் சம்மதம் வேண்டியிருந்த இடங்களும் உண்டு. வரவு செலவு யாவும் தோட்டத்து மேலாளர் வைத்திருக்கும் கணக்குப் புத்தகத்தில் ஏறும். பாதிக்கு மேலாக, நத்தாருக்குச் சேவல், உயிர்த்த ஞாயிறுக்கு முட்டை என்று காணிக்கைகளும் இருந்தன.

மூதாட்டியின் குடும்பத்தில் 17 பேர். “நீங்கள் இப்பொழுது ஒரு கிழமைக்குப் பணங்கொடுத்து இங்கே நெருங்கி இருக்கிறீர்கள், நாங்கள் இந்த நெருக்கத்திலிருந்து தப்பத்தான் ஓடினோம்” என்றார் அவர். கணக்குப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாத தம் தகப்பனார் வருட முடிவில் எப்பொழுதும் கடனாளியாகவே இருந்ததையும், தாயார் தாம் வளர்த்த கோழியில் ஒன்றையேனும் விருப்பப்படி அறுத்துச் சமைக்காததையும் சொன்னார். அவர் 1962 இல் பிராத்தோ நகரின் ஆடை ஆலைக்கு வேலைக்குப் போனார். அவரைப் போலவே அக்காலத்தில் குன்றுகளிலிருந்து இளைஞர் கூட்டங்கூட்டமாக நகருக்கு இறங்கினர். 1964 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய அரைப்பங்கு உடன்படிக்கைகளைத் தடைசெய்து, இருந்தவற்றில் குடியானவரின் பங்கை 58 வீதமாக உயர்த்தியது; 1982 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவற்றைக் குத்தகையாக மாற்ற வழிசெய்தது. ஆனால் அதற்குள் வீடுகள் வெறுமையாகிவிட்டன. கூரைகள் இறங்கின. பின்னர் வெளிநாட்டார் வந்து பழுதான வீடுகளை வாங்கினர். 1985 இல், கமக்காரர் தமது நிலத்திலே விருந்தினரைத் தங்கவைத்து வருவாய் தேட இடமளிக்கும் சட்டம் நாடு முழுவதுக்கும் வந்தது. 2006 இல் வந்த மற்றொரு சட்டம் அதற்குப் பதிலாக இன்றும் வழங்குகின்றது. இரண்டிலும் ஒரு நிபந்தனை உண்டு: கமமே முதற்றொழில், விருந்தினரை வைத்தல் அதற்குத் துணைத்தொழில். நிலத்தைத் தரிசாக விட்டு வீட்டை மாத்திரம் விடுதியாக்குவோருக்கு அச்சட்டத்தின் சலுகை இல்லை.

மூதாட்டியின் சொல் எங்களிற் பலரைச் சிந்திக்கச் செய்தது. கூட்டுக் குடும்பம் என்றதும் நாம் உடனே பொற்காலம் என்று பேசுகின்றோம். எங்கள் நாற்சார் வீட்டிலும் 15 பேர் வாழ்ந்தனர். யாருக்கு அது பொற்காலம்? வந்த பெண்களிற் கடைசியாக உண்டவர் யார்? அன்று மாலையே தங்கை ஒரு மாற்றம் செய்தாள். அண்ணரின் கொப்பியில் இரண்டாம் பக்கத்தைத் திறந்து, சமைப்போர், கழுவுவோர் என்று ஆண்களின் பெயர்களையும் எழுதினாள். நாலாம் நாள் மூத்த அண்ணர் 24 பேருக்குப் பருப்பு வைத்தார். உப்பு அதிகம். தொஸ்கானாவின் பாணுக்கு உப்பே இடுவதில்லை. ஆதலால் இரண்டையும் சேர்த்து உண்டபோது சரியாக இருந்தது.

எங்கள் வளவு

வியாழன் இரவு, சாப்பாட்டுக்குப் பின், எவரும் எடுக்க விரும்பாத பேச்சை அம்மாவே எடுத்தார். வலிகாமம் வடக்கில் அம்மாவின் சீதனமாகிய வீடும் வளவும் இருக்கின்றன. 1990 ஆனி மாதத்தில் ஊரோடு வெளியேறினோம். 2016 இல் மீண்டும் உள்ளே போகக் கிடைத்தபோது கூரை இல்லை. கதவு யன்னல் இல்லை. நாற்சார் முற்றத்தின் நடுவே வேம்பு முளைத்து உயர்ந்து நின்றது. கிணறு கல்லும் குப்பையுமாய்த் தூர்ந்து கிடந்தது. அதை என்ன செய்வது என்பதே கேள்வி.

விற்றுப் பங்கிடலாம் என்றார் மூத்த அண்ணர். பிள்ளைகள் எவரும் அங்கு போய் வாழப்போவதில்லை என்பது அவர் காட்டிய நியாயம். அது பொய்யன்று. தங்கையோ, “அண்ணை, இந்த வீட்டைப் பாருங்கோ. இதுவும் கூரை விழுந்து கிடந்ததுதானே. திருத்தி விருந்தினர் வீடாக்குவோம்” என்றாள். தம்பி செலவுக் கணக்குப் பார்த்தார். ஊரில் இருப்பவர்கள் நாங்கள். மேசன் கூலியும் மரத்தின் விலையும் எங்களுக்குத் தெரியும். முழு வீட்டையும் எழுப்பும் பணம் எங்கள் ஐவரிடமும் சேர்த்தாலும் இல்லை என்பதைச் சொன்னோம். பேச்சு உயர்ந்தது. முப்பத்தொரு வருடத்தில் யார் அம்மாவைப் பார்த்தார், யார் காசு அனுப்பினார், யார் அனுப்பவில்லை என்பனவெல்லாம் வெளியே வந்தன. பிள்ளைகள் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டனர்.

சின்னண்ணர் மாத்திரம் ஒன்றும் பேசாதிருந்தார். ஈற்றில், “அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டார். அதுவரை அந்த மேசையில் அக்கேள்வி கேட்கப்படவில்லை.

அம்மா, “கிணத்தை இறையுங்கோ” என்றார். மேலும் சொன்னார்: “இந்த வீடு நிக்கிறது கல்லாலை இல்லை, கொடி நிக்கிறதாலை வீடு நிக்குது. தண்ணி இருந்தால் மரம் வைக்கலாம். மரம் இருந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் பிறகு கூரையைப் பற்றிப் பேசலாம்.” நிலமே முதல், விருந்தினர் பிறகு என்ற இத்தாலியச் சட்டம் அவருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே பொருளைச் சொன்னது கண்டு நாங்கள் வியந்தோம்.

செலவை எவ்விதம் பங்கிடுவது என்ற கேள்வி எழவேயில்லை. அண்ணர் கொப்பியின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, “மாதம் ஒரு நாள்” என்று எழுதி, கீழே ஐந்து பெயர்களையும் எழுதினார். விற்க வேண்டுமென்று வாதித்தவரின் கையெழுத்திலேயே அது இருக்கின்றது.

நாங்கள் சொல்லக்கூடியவை

இவ்வாறு வீடெடுத்துத் தங்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில சொல்லலாம். எத்தனை படுக்கை என்று மாத்திரம் கேளாமல், முழங்கால் நோவுள்ளோர் படியேறாமற் படுக்கக் கீழ்த்தளத்தில் அறை உண்டா என்று கேளுங்கள். பழைய வீடுகளிற் கீழ்த்தளம் மாடுகளுக்கென அமைந்தது, எல்லா இடத்திலும் அது அறையாக்கப்படவில்லை. எல்லாரும் ஒருங்கே இருக்கும் மேசை உண்டா என்று கேளுங்கள். கடைக்கு எவ்வளவு தூரம், வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். மிளகாய்த்தூளைக் கொண்டுபோங்கள், மற்றவை அங்கே கிடைக்கும். பார்க்கவேண்டிய நகரங்களின் பட்டியலைச் சிறிதாக்குங்கள். நாங்கள் புளோரன்ஸைப் பார்த்தது அரைநாள், அதற்காக எவரும் வருந்தவில்லை. ஒரு நாளை எந்தத் திட்டமும் இன்றி விடுங்கள். பேசவேண்டியவை அந்நாளிலேதான் பேசப்படும்.

ஒரு கிழமை வாடகைக்கு எடுத்த வீடு நமது வீடாகிவிடாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பைக் கொடுத்தோம்; பதினொரு மணிக்குப் படுக்கை விரிப்புகள் மாற்றப்பட்டிருக்கும்; மாலையில் வேறொரு குடும்பம் வந்திருக்கும். அதுபற்றிக் குறைகூறவும் நியாயமில்லை. அந்த வீடு இன்று நிற்பதற்கு அவ்வாறு வந்துபோவோரே துணை. வேறெங்கும் கூடமுடியாத ஒரு குடும்பத்துக்கு ஒரு மேசையும் ஏழு இரவுகளும் தந்தது அது செய்த உதவி. அம்மேசையில் என்ன பேசினோம், யார் கழுவினோம், யார் கடைசியாக உண்டோம் என்பவை வீட்டின் பொறுப்பல்ல.

அம்மா 2021 ஆம் ஆண்டு வைகாசியில் காலமானார். நோய்த்தொற்றுக் காலமாதலின் வெளியிலிருந்து எவரும் வரமுடியவில்லை. நால்வரும் தொலைபேசித் திரையிலே பார்த்து அழுதனர். ஆனால், “அம்மாவோடு இருந்து பேசவில்லையே” என்று அவர்களில் எவரும் சொல்லவில்லை.

அண்ணரின் கொப்பி இப்பொழுது எங்களிடம் இருக்கின்றது. அந்தக் கிழமையின் வரவு செலவைக் கூட்டிக் கழித்தபோது 63 யூரோ மிஞ்சியது. அதைத் திருப்பிப் பங்கிடுவது எப்படி என்று கேட்டதற்கு, “ஊருக்குக் கொண்டு போங்கோ” என்றார் அண்ணர். 2020 தை மாதத்தில் கிணறு இறைக்க வந்த நால்வருக்கு முதல்நாட் கூலியாக அதைக் கொடுத்தோம். மூன்றாம் நாள் ஊற்றுக்கண் திறந்தது. அம்மா தடியை ஊன்றிக்கொண்டு கிணற்றுக்கட்டில் வந்து நின்று, ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்து, தண்ணீர் முந்திய தண்ணீர்தான் என்றார்.